மல்லாட்டை விலையும் கேபிள்காரர் மச்சானும்

மூன்று நாளாக எங்கள் வீட்டு இன்டர்நெட்டில் எல்லாம் ஓடுகிறது. மல்லாட்டை (நிலக்கடலை) விலை சொல்லும் தளம் மட்டும் திறக்கவில்லை. இன்று திண்டிவனத்தில், எங்களுக்கு இன்டர்நெட் லைன் கொடுத்த கேபிள்காரர் ஆபீசுக்கே போய்க் கேட்டேன்.

ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டினார். “நூறு காட்டுது பாருங்க. லைன்ல ஒண்ணும் பேஜாரு இல்ல.”

“அப்போ விலை ஏன் வரல?”

“அந்த சைட்டு நம்ம லைன்ல ஸ்லோவாத்தான் வரும்க்கா. அப்படித்தான் வச்சிருக்கோம். நம்ம ஆப்லயே ரேட்டு போட்டுக்கினு இருக்கோம், ஜல்தியா வரும்.”

அந்த ஆப்பில் விலை போடுவது அவருடைய மச்சான். மச்சானுக்குத் தொழில், மல்லாட்டை வியாபாரம். நேற்று எங்கள் மூட்டைகளை அதே விலைக்குக் கேட்டு வந்தவரும் அவர்தான்.

மாதம் தவறாமல் பணம் கட்டுவது நான். நான் எதைப் பார்க்கலாம் என்று முடிவு செய்வது மச்சான்.

உங்கள் ஊர் இன்டர்நெட்டுக்கு யார் மச்சான்?