தோண்ட வேண்டாம் என்ற அக்கா

வரைபடத்தில் எண்ணெய்க் கிணற்றின் அழுத்தத்தைக் காட்டும் கோடு ஏறிக்கொண்டே வந்து, பழைய உயரத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே படுத்துவிட்டிருந்தது. அந்த இடத்தில் பென்சில் முனையை வைத்தபடி அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மாடியில் எங்களுக்குப் பயிற்சி. பூமிக்கடியில் பாறைக்குள் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது, அதை வீணாக்காமல் எப்படி எடுப்பது என்று கணக்கிடும் படிப்பு. வகுப்பில் பெரும்பாலோர் என்னைப்போல இளம் பொறியாளர்கள். நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட அவர் மட்டும் பிள்ளைகளுக்காக வேலையை விட்டு, நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்ப வந்தவர். தினமும் ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருவார். இறுதித் தேர்வுக்கு நடுவர்களாக வருபவர்கள் எண்ணெய் நிறுவனங்களில் ஆளெடுப்பவர்கள். எங்களுக்கு அது இன்னொரு வாய்ப்பு. அவருக்கோ இருந்த ஒரே வாய்ப்பு.

தேர்வில் குழுவுக்கு நால்வராகப் பிரித்துக் கொடுத்த கேள்வி இதுதான்: கடலில் ஒரு சோதனைக் கிணற்றில் எண்ணெய் அமோகமாக வந்திருக்கிறது, மேலும் கிணறுகள் தோண்டலாமா? எங்கள் குழுவில் அக்காவைத் தவிர மற்ற மூவரும் தோண்டலாம் என்றே எழுத ஆரம்பித்துவிட்டோம்.

“கிணத்த மூடி வெச்சப்புறம் பிரஷர் பழைய இடத்துக்கு வரணும். வரல பாருங்க” என்றார் அக்கா. “கொஞ்சம் எடுத்ததுக்கே இவ்ளோ இறங்கியிருக்குன்னா, உள்ள சரக்கு கம்மி.”

“எல்லா டீமும் தோண்டலாம்னுதான் சொல்றாங்கக்கா. நாம மட்டும் வேற சொன்னா மாட்டிப்போம்” என்றேன்.

“நீங்க அப்படியே எழுதிக்கோங்க தம்பி. அதுல என் பேரு மட்டும் வேணாம்.”

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எங்களை யோசிக்க வைத்தது. கணக்கைத் திரும்பப் போட்டோம். எப்படிப் போட்டாலும் அவர் சொன்னதே வந்தது. இப்போதைக்குத் தோண்ட வேண்டாம், முதலில் நீண்ட சோதனை ஒன்று நடத்த வேண்டும் என்று எழுதினோம்.

நடுவர்களில் மூத்தவர் அக்காவைப் பார்த்துக் கேட்டார்: “ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்கீங்க. ரிஸ்க் எடுக்க பயமா?”

“பயந்திருந்தா மத்தவங்க சொன்னதையே சொல்லியிருப்பேன் சார்.”

மூத்த நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: “கேள்வியில வந்தது நிஜமான எண்ணெய் ஃபீல்டுதான். அங்க தோண்டி கையைச் சுட்டுக்கிட்டவங்கள்ல நானும் ஒருத்தன்.” தேர்வு முடிந்ததும் அக்காவைத் தனியாக அழைத்துப் பேசினார்.

இன்று ஓர் எண்ணெய் வயலின் நிர்வாகம் முழுவதும் அக்காவின் பொறுப்பில் இருக்கிறது. துறையில் அவரைக் கறாரான ஆள் என்பார்கள். அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது, அன்று மாலை தாம்பரம் நிலைய நடைமேடையில் கணவரோடு அவர் கைப்பேசியில் பேசியதுதான்.

“ஆமாங்க, வேலை கிடைச்சிருச்சு. மாசத்துல பாதி நாள் கடலுக்கு நடுவுலதான் இருக்கணும். வீட்ல கேட்டுட்டு சொல்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.” சட்டென்று நிறுத்தினார். “இல்லங்க, பொய். அங்கயே சரின்னு சொல்லிட்டேன்.”

மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, தெரியாது. நடைமேடையே திரும்பிப் பார்க்கும்படி அக்கா சிரித்தார்.

“அப்போ இன்னிக்கே தோசை ஊத்தப் பழகுங்க. மாவு ஃபிரிட்ஜுல இருக்கு.”