விழப் பழகிய குளிர்காலம்

எங்களுக்கு மேல் மாடியில் ஒரு வயதான ஜெர்மன்காரர் தனியாக இருந்தார். ஊமைப் படக் காலத்தில் ஆட்களைச் சிரிக்க வைத்துப் பிழைத்த மனிதர் அவர் என்பது எனக்கு முதலில் தெரியாது. தெரியாதபடியால்தான் அவருடைய முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசப் போனேன்.

எண்பத்தாறில், டார்ம்ஸ்டாட்டில், எனக்கு அது முதல் குளிர்காலம். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு மகன் முதலில் வந்து, பின்னர் என்னையும் மருமகளையும் கூப்பிட்டிருந்தான். பனி உறைந்திருந்த ஒரு காலை, பஸ் நிற்கும் இடத்தில் சேலையோடு மல்லாக்க விழுந்தேன். கை வீங்கியதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அங்கே நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஊரில் நான் ஒழுங்கையால் நடந்து வந்தால் சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி நின்று வழி விடுவார்கள்.

"பனி முடியுமட்டும் தனிய வெளிய போகாதேங்கோ அம்மா," என்றான் மகன். கடைக்குப் போகவும் மருமகளின் கையைப் பிடிக்க வேண்டுமா? அதற்கு வீட்டிலேயே இருக்கலாம் என்று இருந்துவிட்டேன். இந்த நாட்டில் குளிர் எத்தனை மாதம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் குப்பைப் பையை வைக்கக் கதவைத் திறந்தேன். மேல் வீட்டுக்காரர் படியால் இறங்கி வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டு தொப்பியைத் தூக்கினார். கால் வழுக்கியது. உருண்டு வந்து என் காலடியில் வந்து குந்தியிருந்தார். தொப்பி எப்படியோ தலையில் திரும்ப ஏறியிருந்தது.

நான் அவரைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து கதிரையில் இருத்தினேன். வயதுக்கு ஏற்றபடி நடக்கத் தெரியாதோ என்று தமிழிலேயே ஏசினேன். எண்ணெயைச் சூடாக்கி முழங்காலில் தேய்த்தேன். மனிதர் கண்ணை அகல விரித்துக்கொண்டு இருந்தார்.

ஜெர்மன் வகுப்பு முடிந்து வந்த மருமகள் அவரோடு கதைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தாள்.

"மாமி, அவர் உங்களுக்கு வணக்கம் சொன்னவராம்."

"விழுந்தோ?"

"ஓம். அந்தக் காலத்திலை படத்திலை விழுகிறதுதானாம் அவரின்ரை தொழில். நீங்கள் சிரிப்பியளெண்டு பாத்தவராம்."

"வயசு போன மனுசன் விழுந்தா ஆர் சிரிப்பினம்? விசரோ?"

அவள் அதை அப்படியே மொழிபெயர்த்தாள். அவர் எண்ணெய்க்காக மற்ற முழங்காலையும் நீட்டினார்.

அன்றிலிருந்து என் மண்டைக்குள் இதே நினைப்புத்தான். விழுவதும் ஒரு தொழிலா? அதை ஒருவருக்கு யார் பழக்குவது? எலும்பு முறியாதா? ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டேன். மருமகளை நடுவில் இருத்திக் கேள்வி மேல் கேள்வி கேட்டேன்.

அவர் சின்ன வயதில் ஒரு பேக்கரியில் பாண் கொண்டுபோய்க் கொடுப்பவராம். ஒரு நாள் பாண் தட்டோடு தெருவில் வழுக்கியிருக்கிறார். விழுந்தாலும் தட்டை மேலே தூக்கிப் பிடித்திருந்தாராம். அங்கே படம் எடுத்துக்கொண்டு நின்றவர்கள், இன்னொரு முறை விழு என்றார்களாம். அப்படியே பல வருடம் விழுந்துகொண்டிருந்தார். பிறகு படங்கள் பேசத் தொடங்கின. அவருடைய பேச்சு மலைக் கிராமத்துப் பேச்சு, குரலும் கீச்சுக் குரல். முகத்துக்குப் பொருந்தவில்லை என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் ஒரு தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தாராம்.

அவரிடம் ஒரே ஒரு சின்னப் படச் சுருள் மிச்சமிருந்தது. அதை எங்கள் சுவரில் போட்டுக் காட்டினார். மெழுகு பூசிய பெரிய மண்டபம். பரிமாறுகிற ஆளாக அவர் சூப் கோப்பையோடு வழுக்கி வழுக்கி வருகிறார். ஆடுகிற சோடிகளுக்கு நடுவே புகுந்து, விழுந்து, உருண்டு எழும்புகிறார். ஒரு துளி சிந்தவில்லை. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கடைசியில் யாரும் கேட்காததால் தானே இருந்து குடிக்கிறார். மருமகள் கண்ணீர் வரச் சிரித்தாள். நான் திரும்பப் போடச் சொன்னேன்.

"பிள்ளை, அது சூப் இல்லை. கஞ்சிப் பசை. கோப்பைக்குள்ளை அது ஆடுறதைப் பார். கேள் அவரை."

கேட்டாள். அவர் எழுந்து நின்று எனக்குத் தொப்பியைத் தூக்கினார். இந்த முறை விழவில்லை. பசைதானாம். கடைசியில் குடிக்கிறபோது மட்டும் உண்மையான சூப்பாம்.

அப்போதுதான் என் மனதில் கிடந்ததைச் சொன்னேன். "விழாமல் நடக்க ஏலாது எண்டு எனக்கு விளங்கிட்டுது. அப்ப விழுகிறதையெண்டாலும் வடிவாப் பழக்கச் சொல்லு."

"மாமி, அவர் வாறதெண்டா வருவார். உங்கடை மகனுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

"அவன் வேலைக்குப் போன பிறகு வரச் சொல்லு."

இரண்டு மெத்தைகளை நிலத்தில் போட்டோம். திரைச்சீலையை இழுத்து மூடச் சொன்னேன். நான் சேலைக்கு மேல் கோட்டும் போட்டுச் சப்பாத்தோடு நின்றேன். அவர் சொல்லித் தந்தது சின்ன விஷயம். கையை ஊன்றாதே. முழங்காலை மடி. தலையைக் குனிந்து நாடியை நெஞ்சோடு வை. பக்கவாட்டில் சரிந்து நிலத்தில் இரு. சொல்லச் சுகம். உடம்பு என்னவோ கையைத்தான் முதலில் நீட்டும். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு மொழிபெயர்த்தாள். அவர் ஒரு முறையும் சிரிக்கவில்லை. கொல்லன் இரும்பைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

முகம் கடைசிப் பாடமாம். விழுந்தவர் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்க வேண்டுமாம். அதை விளக்கத் தொடங்கியவர் என்னைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

"என்ன சொல்லுறார்?"

"உங்களுக்கு அது தேவையில்லையாம் மாமி. தனக்கு அந்த முகம் வர வருசக்கணக்காச்சுதாம். உங்களுக்குப் பிறவியிலேயே இருக்காம்."

அடுத்த கிழமை ஒருவருக்கும் சொல்லாமல் கடைக்குப் புறப்பட்டேன். அதே பஸ் நிற்கும் இடம், அதே கண்ணாடிப் பனி. கால் போனது. கையை நீட்டவில்லை. சரிந்து, இருந்து, பையை மேலே பிடித்துக்கொண்டு எழும்பினேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. நேரே பார்த்தபடி போய்க் கறிக்கு லீக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மருமகள் பதறிப்போயிருந்தாள். அவரும் படியில் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சிரிச்சவையோ எண்டு கேக்கிறார் மாமி."

"சிரிச்சவை."

"எவ்வளவு நேரம்?"

"நான் கடைக்குள்ளை போகுமட்டும்."

அவர் தலையை ஆட்டினார். முதல் தடவைக்கு நல்லது, ஆனால் தான் பார்க்கவில்லையே என்றாராம். நான் லீக்ஸை அவளிடம் கொடுத்தேன். கோட்டைக் கழற்றாமல், மெத்தையைப் போடச் சொன்னேன். இந்த மனிதர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது.