மாலை கழற்றும் நாளில் திருத்தணி

காலை 5.50. எனக்குக் கால் ஓரிடத்தில் தங்காது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் சுவர்கள் என்னைப் பார்த்துக் கொட்டாவி விடும். அதனால் 2004ஆம் ஆண்டு தை மாதத்து ஞாயிறு ஒன்றில், தோளில் ஒரு துண்டும் பையில் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொண்டு சென்ட்ரலில் அரக்கோணம் மின்ரயில் ஏறினேன். திருத்தணி மலையை ஏறி இறங்கி, இருட்டுவதற்குள் திரும்புவது என்பதுதான் திட்டம். பனி விலகாத வயல்கள் ஜன்னலில் ஒன்றையொன்று துரத்தின. திருவாலங்காட்டில் கரும்பு வாசனை பெட்டிக்குள் ஏறி, டிக்கெட் எடுக்காமலே அரக்கோணம் வரை கூட வந்தது.

7.50. அரக்கோணத்திலிருந்து திருத்தணிக்குப் பஸ். பதின்மூன்று கிலோமீட்டர், நாலு ரூபாய். நிற்க இடமில்லாத கூட்டம். கழுத்தில் துளசி மாலையும் இடுப்பில் மஞ்சள் வேட்டியுமாக ஒருவர் ஏறியதும் கூட்டம் தானாக வழி விட்டது. கண்டக்டர் என் பக்கத்திலிருந்த பையனை எழுப்பினார். "சாமி, இப்டி வந்து குந்துங்க."

சாமிக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். ஒல்லி. முழங்கையின் உட்புறம் வரிசையாகப் பழைய தழும்புகள். மடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதை இரண்டு முறை திறந்து பார்த்தார், மூன்றாம் முறை என்னிடமே காட்டினார்.

"சார், உங்க வூட்ல குழந்தைங்க இருக்குதா?"

"இருந்தாங்க. வளந்துட்டாங்க."

"பதினோரு மாசப் புள்ளைக்கு இது சரியா இருக்குமா பாருங்க."

பச்சைப் பட்டுப்பாவாடை, சிவப்புக் கரை. மூன்று வயதுப் பெண் போட்டாலும் தரையில் புரளும். "பிள்ளையைப் பாத்திருக்கீங்களா?" என்றேன்.

"பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரில கதவாண்ட நின்னு பாத்தேன். எங்க அக்கா புள்ள. அதுக்கப்புறம் அக்கா வூட்டுக்காரரு, எங்க பாவா, என்ன வூட்டுப் பக்கம் வரக் கூடாதுன்ட்டாரு." வேறு யாருக்கோ பஸ் தவறிவிட்டதைச் சொல்வதுபோல் சொன்னார். "போதைப் பவுடர் அடிச்சிகினு இருந்தேன் சார். மெட்ராஸ்ல ஆஸ்பத்திரில சேந்து உட்டுட்டு, அப்புறம் மாலை போட்டேன்."

பவுடர் என்றதும் முன் சீட்டு அம்மாள் விருட்டென்று திரும்பினார். மாலையைப் பார்த்தார். உடனே கை குவித்தார். "சாமிதான் உன்ன கரையேத்தணும்ப்பா."

அந்த அம்மாள் திரும்பிக்கொண்டதும் சாமி சத்தமில்லாமல் சிரித்தார். "பாத்தீங்களா? மாலை இருக்கற வரைக்கும் சாமி. இன்னிக்கு மலை மேல கழட்டறேன். அப்புறம் இன்னான்னு கூப்புடுவாங்களோ." அவர் பெயர் ஏழுமலை. அதைக்கூட நான்தான் கேட்டு வாங்கினேன்.

8.30. திருத்தணி பஸ் நிலையத்தில் ஆட்டோவோடு ஒருவர் காத்திருந்தார். லோகநாதன், நாற்பது வயது, வாய்க்குள் வெற்றிலைக்குப் பதிலாகக் கேலியை அடக்கிவைத்திருப்பவர்.

"இன்னா சாமி, தொணைக்கு ஒரு சாரப் புடிச்சினு வந்துட்ட?"

"மலைக்குத்தான் போறாரு லோகு. ஏத்திக்கோ."

அடிவாரத்து ஆட்டோ ஸ்டாண்டில் வண்டி நின்றது. டீ இரண்டரை ரூபாய். என்னைக் கொடுக்க விடவில்லை. ஏழுமலை குளிக்கப் போனபோது, அவருக்காக ஏன் ஆட்டோவோடு காத்திருந்தார் என்று லோகநாதனைக் கேட்டேன். கேலி கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது.

"எங்களுக்கு பாபுன்னு ஒரு கூட்டாளி சார். அவனும் இதே மாதிரி மாலை போட்டு, ஒரு மண்டலம் சுத்தமா இருந்தான். மேல போய் கழட்டினான். எறங்கி வந்தவன் பழைய ஆளுங்களோட போய் பழைய அளவே எடுத்துட்டான். இத்தன நாள்ல உடம்புக்கு அந்த அளவு மறந்துபோச்சு, தாங்கல. மூச்சு நின்னுடுச்சு. கூட இருந்தவனுங்க போலீஸுக்கு பயந்து ஓடிட்டானுங்க. ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளி சார். நெத்தில விபூதி கூட கலையல. வூட்ல மாரடைப்புன்னு சொல்லிட்டாங்க."

அன்றிலிருந்து இந்த ஸ்டாண்டில் ஒரு வழக்கம். இப்படி ஒருவர் விழுந்துகிடக்கிறார் என்று யார் வந்து சொன்னாலும் வண்டி கிளம்பும். வாடகை கிடையாது, விசாரணை கிடையாது. எதை எடுத்தார் என்று மட்டும் தெரிந்துகொண்டு டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்வார்கள். மாலை கழற்ற வருகிறவர் இப்படிப்பட்டவர் என்று தெரிந்தால், அன்று முழுவதும் ஒருவர் கூடவே இருப்பார். கழற்றிய கையோடு அவருக்கு ஏதாவது ஒரு காரியம் வைத்திருப்பார்கள்.

"உங்க சங்கத்துக்கு என்ன பேரு?" என்றேன்.

"பேரு வெச்சா பேனர் வெக்கணும். பேனர் வெச்சா தலைவர் வேணும். அப்புறம் சண்டதான். வேணாம் சார், இப்டியே நல்லா இருக்குது." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொஞ்சம் இந்த பெஞ்சுல படுங்க."

படுத்தேன். பயணத்தில் யார் எதைச் சொன்னாலும் செய்துபார்ப்பது என் வழக்கம். என்னை உருட்டி ஒருக்களித்துப் படுக்கவைத்தார். மேல் காலை மடக்கினார், என் கையை எடுத்து என் கன்னத்துக்கே தலையணையாக வைத்தார். டிரைவர்கள் சுற்றி நின்றார்கள்.

"மயங்கிக் கிடக்கறவன இப்டி போடணும். வாந்தி வந்தாலும் தொண்டைல அடைக்காது. வாயில தண்ணி ஊத்தக் கூடாது, சோடா ஊத்தக் கூடாது, தலைல எலுமிச்சம்பழம் தேய்க்கக் கூடாது. மூச்சு இல்லன்னா, மூக்க புடிச்சிகினு வாயோட வாய் வெச்சு ஊதணும், ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும்."

"அதையும் சார் மேல காட்டிடலாமா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஸ்டாண்டே சிரித்தது. நான் எழுந்துவிட்டேன். எழுவதற்கு முன் ஒரு நொடி, பெஞ்சிலிருந்து பார்த்த மலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கோபுரமும் படிகளும் குரங்குகளும் என்னோடு சேர்ந்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு மூச்சு விட்டன.

9.45. மலை மேல். பள்ளிப்பட்டிலிருந்து வேன் பிடித்து ஏழுமலையின் அக்கா மஞ்சுளாவும் அவர் கணவர் முனிரத்தினமும் வந்திருந்தார்கள். முனிரத்தினம் இரண்டு விசைத்தறி ஓட்டுகிறவர்; தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, ரகசியத்தையும் ஊருக்கே சொல்லும் குரல். குழந்தைக்குக் கீழே சரவணப் பொய்கையில் மொட்டை போட்டு, தலை முழுக்கச் சந்தனம் பூசியிருந்தார்கள். நிலவுக்கு மஞ்சள் காமாலை வந்ததுபோல் இருந்தாள். இனி காது குத்த வேண்டும்.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அந்த மடியைப் பற்றித்தான் அன்றைக்குப் பேச்சு. மஞ்சுளாவுக்குக் கூடப்பிறந்தவர் ஏழுமலை ஒருவர்தான். ஆனால் முனிரத்தினம், முன்னெச்சரிக்கையாக, மஞ்சுளாவின் சித்தப்பா மகன் சீனுவையும் பட்டுச் சட்டை போட்டுக் கூட்டிவந்திருந்தார்.

லோகநாதன் என் காதில், "வண்டிக்கு ஸ்டெப்னி மாதிரி மாமனுக்கும் ஸ்டெப்னி எடுத்துனு வந்துருக்காரு" என்றார்.

முனிரத்தினம் ஏழுமலையைப் பார்க்காமல் லோகநாதனிடம் பேசினார். "மொதல்ல காது குத்திடலாம்ப்பா. சாமி மாலையோட குந்தட்டும், வேணான்னு சொல்லல. அப்புறம் போய் கழட்டிக்கட்டும்."

"அண்ணே, கழட்டின அப்புறம்தான் குந்தணும்னு நாங்க நெனைக்கிறோம். கழட்டின கையோடதான் மனசு அலையும். அந்த நேரத்துக்கு மடில ஒரு புள்ள இருந்தா நல்லது."

"மாலைய நம்பித்தான் நான் ஒத்துகினதே. அது போயிட்டா இவன் யாரு? பழைய ஆளுதானே?"

மலைக்காற்றில்கூட அந்தக் குரல் கரையவில்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏழுமலை ஜவுளிப் பையை அக்காவிடம் கொடுத்தார்.

"பாவா, மாலையோட குந்தினா அவ சாமி மடில குந்தின மாதிரி. நாளைக்கு போட்டோவ பாத்து இது யாருன்னு கேட்டா, ஒரு சாமிம்மான்னுதான் சொல்வீங்க. நான் கழட்டிட்டு வரேன். அப்பவும் வேணாம்னா சீனுவே குந்தட்டும். நான் ஓரமா நின்னு பாத்துட்டு போறேன்."

சொல்லிவிட்டுச் சன்னதிக்குள் போனார். லோகநாதன் பின்னாலேயே போனார். மஞ்சுளா குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, கணவரிடம் மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஓரமா நின்னு பாத்துட்டு, எங்க போவான்?"

குரங்கு ஒன்று தேங்காய் மூடியைத் தூக்கிக்கொண்டு ஓடியதைக்கூட முனிரத்தினம் கவனிக்கவில்லை.

10.50. ஏழுமலை வெளியே வந்தார். மாலை இருந்த இடத்தில், வெயில் படாத தோல் வெளுத்து, கழுத்தைச் சுற்றி ஒரு கோடு. யாரும் அவரைச் சாமி என்று கூப்பிடவில்லை. வேறெப்படியும் கூப்பிடவில்லை. லோகநாதனும் என்னைப்போலவே முனிரத்தினத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டபத்தில் ஆசாரி தங்கக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. பின்னால் இன்னும் மூன்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். "மாமன் யாருங்க? சீக்கிரம் வந்து குந்துங்க. பன்னெண்டுக்கு எமகண்டம்."

சீனு சட்டையை நீவிக்கொண்டு பலகையில் பாதி உட்கார்ந்தார்.

"லோகு," என்றார் முனிரத்தினம். "இவன இன்னிக்கு தனியா உடக் கூடாதுன்ற. அதானே?"

"ஆங், அதாண்ணே."

"மடில புள்ள இருந்தா எழுந்து ஓட முடியாதில்ல?"

"எப்டிண்ணே முடியும்?"

"அப்ப சரி. சீனு, நீ எழுந்திரு. பட்டுச் சட்ட கசங்கிடப் போவுது."

குழந்தையை மஞ்சுளாவின் இடுப்பிலிருந்து வாங்கி, தானே ஏழுமலையின் மடியில் வைத்தார்.

"மாமா, தலைய நல்லா புடிங்க," என்றார் ஆசாரி. "நடுங்காதீங்க மாமா. குத்தறது நான்தான், நீங்க இல்ல."

முதல் காதுக்கு அவள் திகைத்தாள். இரண்டாம் காதுக்கு மலையே எழுந்து உட்காரும்படி அலறினாள். அலறலோடு அலறலாக மாமனின் புது வேட்டியை நனைத்தும் விட்டாள். முதலில் சிரித்தவர் மஞ்சுளா.

"மாமனுக்கு அபிசேகம் ஆயிடுச்சு!" என்று முனிரத்தினம் அடிவாரம் வரை கேட்கச் சொன்னார்.

பிறகு பை திறந்தது. பாவாடையை மாட்டியதும் பிள்ளையைக் காணோம். பச்சைப் பட்டுக்குள்ளிருந்து சந்தனத் தலை மட்டும் தெரிந்தது; சிவப்புக் கரை அவள் காலுக்குக் கீழே ஒரு முழம் தொங்கியது.

"இன்னாடா இது? அவ கல்யாணத்துக்கு எடுத்தியா?"

"அளவு தெரில பாவா."

முனிரத்தினத்தின் குரல் முதல் முறையாகத் தறிச் சத்தத்தைவிடத் தாழ்ந்தது. பாவாடையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மடித்தார். "இது அவளுக்கு சரியாவ மூணு வருசம் ஆவும். நீதான் வந்து போட்டு உடணும். நான் மாட்டேன்." மடித்ததை மஞ்சுளாவிடம் கொடுத்தார். "ராத்திரிக்கு பள்ளிப்பட்டுல தங்கு. காலைல தறியாண்ட வேலை இருக்குது. சும்மா சோறு போடுவேன்னு நெனைக்காத."

"அண்ணே, கூட யாராவது…" என்று தொடங்கினார் லோகநாதன்.

"நான் இருக்கறேன்ப்பா. தூங்கினா எப்டி படுக்க வெக்கணும், அதச் சொல்லு."

லோகநாதன் என்னைப் பார்த்தார். மண்டபத் தரையில் நான் இரண்டாம் முறையாக ஒருக்களித்துப் படுத்தேன். இந்த முறை முனிரத்தினம் என் காலை மடக்கினார். தறி ஓட்டிய கை, கொஞ்சம் பலமாகவே மடக்கியது.

2.30. அடிவாரத்தில் எல்லோருமாகச் சாப்பிட்டோம். ஒரே வரிசையில் இலை, வெண்பொங்கல், கத்தரிக்காய் கொத்சு. பள்ளிப்பட்டு வேன் கிளம்பும்போது ஏழுமலை ஜன்னலோரம் இருந்தார். தோளில் தூங்கும் மொட்டைத் தலை. கை ஆட்ட முடியாததால் புருவத்தை ஆட்டினார். லோகநாதன் வேன் வளைவில் மறையும் வரை நின்றுவிட்டு, அடுத்த சவாரிக்கு ஹாரன் அடித்தார்.

சென்னையில் என் தெருவிலும் மாரடைப்பு என்று சொல்லப்பட்ட இளவயது மரணங்கள் இரண்டு உண்டு. நாங்கள் மாலை வாங்கிப் போனோம், தாழ்ந்த குரலில் பேசினோம், திரும்பினோம். இங்கே அதை டீக்கடை பெஞ்சில் சத்தமாகப் பேசுகிறார்கள். பேசிக்கொண்டே வழிப்போக்கனைப் படுக்கப் போட்டு உருட்டவும் செய்கிறார்கள். என் தெரு முனையிலும் ஓர் ஆட்டோ ஸ்டாண்டு இருக்கிறது. பெஞ்சும் இருக்கிறது.

3.10. அரக்கோணம் பஸ். காலையில் பார்த்த அதே கண்டக்டர். டிக்கெட் கிழித்தபடி என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"காலைல உங்க பக்கத்துல குந்தினு வந்த சாமி எங்க சார்? மலையிலயே தங்கிட்டாரா?"

"அவர் பேரு ஏழுமலை," என்றேன். "அக்கா வீட்டுக்குப் போயிருக்காரு."

"ஓ, அப்டியா" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.