நெளிந்துபோன தண்டவாளம்

வளைகுடா நாட்டில், ரோலா பகுதியில் நானும் ஊர்க்கார நண்பனும் தங்கியிருந்த அறையில், என் கட்டிலுக்கடியில்தான் அயர்லாந்து இருந்தது. அந்த நாட்டின் பழைய நீராவி எஞ்சின் ஒன்றின், மின்சாரத்தில் ஓடும் சிறிய மாதிரியை, படங்களைப் பார்த்துப் பார்த்து நான்கு மாதமாகச் செய்திருந்தேன். கரும்பச்சை உடம்பு, குட்டைப் புகைபோக்கி. என்ன அழகு! அவர்களுடைய தண்டவாளத்தின் அகலமே தனி. அந்த அளவுக்கேற்ற பொம்மைத் தண்டவாளம் கடையில் கிடைக்காததால், நானே பலகையில் கம்பிகளை வட்டமாகப் பதித்தேன். கம்பித் துண்டுகளை முடி நுழையக்கூட இடமில்லாமல் இணைத்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

சனிக்கிழமை ஓட்டிக் காட்டுவதாகப் பக்கத்து அறைக்காரர்களிடம் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை ஏசியை அணைத்துவிட்டு டூட்டிக்குப் போனோம். ஜூலை மாதம். திரும்பி வந்து பலகையை இழுத்தால், தண்டவாளம் இரண்டு இடங்களில் நெளிந்து எழும்பியிருந்தது.

சைட்டில் குழாய் பதிக்கும் நண்பன் குனிந்து பார்த்துச் சிரித்தான்.

"மாப்ள, இஞ்சினியரிங் படிச்சியா, பாஸ் மட்டும் பண்ணினியா? சூட்டுல கம்பி நீளுமே, அதுக்கு எடம் எங்கடா?"

"ஏசி ரூம்லதானடா போட்டேன்!"

"போட்டப்ப ஏசி. வெந்தப்ப?"

மறுநாள் காலை அவன் பிடித்துக்கொள்ள, நான் மெல்லிய ரம்பத்தால் ஆறு இடங்களில் வெட்டி இடைவெளி விட்டேன். மின்சாரம் தாண்டிப் போக அடியில் ஒயர் வைத்துப் பற்றவைத்தேன்.

மாலையில் எட்டுப் பேர் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். எஞ்சின் புறப்பட்டது. ஒவ்வொரு வெட்டைத் தாண்டும்போதும் சக்கரம் டடக், டடக் என்றது. அந்தச் சத்தம் இல்லாமல்தான் இத்தனை நாள் அதை ரயில் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"டேய், நெஜ ரயிலுடா இது!" என்று ஒருவன் கத்தினான்.

அடுத்த சுற்றுக்கு, ரயிலை ஓட்டும் கன்ட்ரோலரை நண்பன் கையில் கொடுத்தேன்.