மாடிப்படிக்குப் பயந்த கத்தரி அக்கா

பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்ததால் தெருவில் அவளுக்குக் கத்தரி அக்கா என்று பெயர். கை வேலையில் இருக்கும், வாய் ஊர்க்கதையில் இருக்கும். ஒருநாள் பாதி வெட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இதயத்தில் அடைப்பு. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அடைப்பைத் திறந்து அனுப்பினார்கள்.

வீடு மூன்றாம் மாடியில்; லிஃப்ட் கிடையாது. "செத்தாலும் படியேற மாட்டேன்" என்று அடுத்த தெருவில் தரைத்தளத்தில் இருந்த தங்கை வீட்டிலேயே தங்கிவிட்டாள். கணவர் சாயங்காலம் வந்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

இதய நோயாளிகளை மெல்ல நடக்கப் பழக்கும் ஆஸ்பத்திரியின் பயிற்சிக் கூடத்துக்குத் தங்கைதான் அழைத்துப் போனாள். டிரெட்மில்லில் ஏறியவள் கம்பியைப் பிடித்தபடி சிலையாக நின்றாள்.

"நெஞ்சு வலிக்குதாம்மா?" என்று பிசியோதெரபிஸ்ட் பெண் கேட்டாள்.

"இல்ல கண்ணு. வலி வந்துடக் கூடாதேன்னுதான் அசையாம நிக்கிறேன். எங்கப்பாவுக்கும் இதே வியாதிதான். ஆஸ்பத்திரியில இருந்து வந்து நல்லாத்தான் இருந்தாரு. படியில கால வச்சாரு, போயிட்டாரு."

அந்தப் பெண் மறுத்துப் பேசவில்லை. "அப்ப நீங்க கூட இருந்தீங்களா?"

"நான் கடையில இருந்தேன். இவதான் இருந்தா."

தங்கை நிமிர்ந்தாள். "அக்கா, அவரு சும்மா படி இறங்கல. காலையில இருந்தே நெஞ்சு வலி, வேர்த்துக் கொட்டுச்சு. வயிறு எரியுதுன்னு மாத்திரையையும் நிறுத்தியிருந்தாரு. திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தான் இறக்கினோம்."

"இத ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

கத்தரி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக அவள் மனதில் அப்பாவைக் கொண்டுபோனது அந்தப் படிதான்.

"உங்களுக்கு அடைப்ப எடுத்தாச்சு, மாத்திரையும் ஒழுங்கா போடறீங்க," என்றாள் பிசியோ பெண். "பேசிக்கிட்டே நடங்க. பேச முடியற வரைக்கும் இதயம் தாங்குதுன்னு அர்த்தம். மூச்சு முட்டினாலோ வலிச்சாலோ நின்னுடுங்க."

"பேச்சுன்னா எங்கக்கா இமயமலையே ஏறிடுவா," என்றாள் தங்கை.

மெஷின் மெல்ல ஓடத் தொடங்கியது. பிறகு அங்கேயே இருந்த பயிற்சிப் படிகள். கொஞ்ச நாளில் டாக்டரும் சரி என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு மாடியிலும் நின்று, அங்கிருந்தவர்களோடு வம்பளந்து, அவள் தன் வீட்டுக்குள் நுழைந்தாள். மதியம் தன் கட்டிலில் படுத்தவள் விளக்கேற்றும் நேரம்வரை எழுந்திருக்கவில்லை. நோய் வந்த பிறகு அவள் அப்படித் தூங்கியதே இல்லை. கணவர்தான் அடிக்கடி எட்டிப் பார்த்து, குறட்டை கேட்டதும் நிம்மதியாகப் போனார்.