தண்ணீர் ஊற்றியவள்

நாற்பத்தாறாவது வயதில் நான் மறுபடி பள்ளிக்கூடம் போனேன். நோர்வேயில் ஸ்டோவ்னர் என்ற இடத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினேழு வருடங்கள் உதவியாளராக வேலை செய்திருந்தேன். தாதிப் படிப்புக்கு விண்ணப்பிக்க மேல்நிலைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். வரலாறும் அவற்றில் ஒன்று. காலையில் வகுப்பு, பின்னேரம் வேலை. முடித்தே தீருவது என்று இருந்தேன்.

வகுப்பில் என்னைத் தவிர இன்னொரு தமிழ்ப் பெண் இருந்தார். சிறுவர் பாடசாலையில் வேலை செய்பவர், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். முதல் நாளே ஒருவரையொருவர் ஊர் கேட்டோம். கேட்டபின் இருவரும் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஊரும் குறிச்சியும் தெரிந்தால் போதும், சாதி விளங்கிவிடும்.

மாசி மாதத்தில் ஆசிரியை எங்கள் இருவரையும் ஒரு குழுவாக்கி, மத்தியகாலச் சமூகத்தைப் பெரிய தாளில் வரையச் சொன்னார். மேலே அரசன், அடுத்து குருமாரும் பிரபுக்களும், கீழே மண்ணோடு கட்டுண்ட குடிகள். நோர்வேயில் குடியானவர்கள் மற்ற நாடுகளைப்போல் அடிமைப்பட்டிருக்கவில்லைதான்; ஆனாலும் பலர் அடுத்தவன் நிலத்தை உழுது, வெண்ணெயும் தோலும் குத்தகையாகக் கொடுத்தார்கள் என்று ஆசிரியை விளக்கினார். பிறகு எங்களிடம் திரும்பி, “உங்கள் நாட்டிலும் இப்படி இருந்ததா?” என்றார்.

“அரசர் காலத்தில் இருந்திருக்கும். எங்கள் காலத்தில் இல்லை,” என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

அவர் அடுத்த மேசைக்குப் போனதும் அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தார்.

“ஏனக்கா பொய் சொன்னனீங்கள்?”

“என்ன பொய்?”

“உங்கட வீட்டுக் கிணத்தில என்ரை அம்மாவை அள்ள விட்டிருப்பினமோ?”

அவர் சத்தம் போடவில்லை. தாளில் இன்னும் நிறம் தீட்டாமல் கிடந்த கீழ்வரிசை ஆட்களுக்கு நிறம் தீட்டத் தொடங்கினார். எனக்குக் காது சுட்டது.

அவர் கேட்ட கிணறு எனக்குத் தெரியும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, எங்கள் தோட்டத்தில் வெங்காயம் கிண்ட ஒரு பெண் வருவார். தாகமெடுத்தால் கிணற்றுக் கட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுவார். நான் போய் அள்ளி, அவர் குவித்த கைகளில் ஊற்றுவேன். வாளி கையில் பட்டுவிடக் கூடாது என்று உயர்த்திப் பிடிப்பேன். என் அம்மாவைவிட மூத்தவர். நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன், நீ என்றுதான் கதைத்தேன். அவர் என்னைச் ‘சின்ன நாச்சியார்’ என்பார்.

அடுத்த வகுப்பில் நேராக அந்தத் தமிழ்ப் பெண்ணின் பக்கத்தில் போய் இருந்தேன்.

“ஓம், இருந்தது. நானே தண்ணி ஊத்தினனான்.”

“தெரியும்,” என்றார்.

வைகாசியில் வாய்மொழிப் பரீட்சை வந்தது. இரண்டு நாளுக்கு முன்னர்தான் தலைப்புத் தருவார்கள். எங்கள் இருவருக்கும் மத்தியகாலச் சமூகமே வந்தது. அடுத்த நாள் என் வீட்டில் சேர்ந்து படிப்போம், மத்தியானம் இங்கேயே சாப்பிடலாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் தயங்கினார்.

“உங்கட வீட்டில பிரச்சினை வருமக்கா.”

“அது என்ரை வீடு. நீங்கள் வாங்கோ.”

பிரச்சினை அன்றே வந்தது.

“ஆர் அவ? எந்த இடம்?” என்று கணவர் கேட்டார்.

“பியோர்ண்டால்.”

“அது இப்ப இருக்கிற இடம். ஊரில எங்கை?”

சொன்னேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

“நூலகத்தில இருந்து படியுங்கோவன். ஏன் வீட்டுக்கு?”

“நான் கூப்பிட்டிட்டன். அவ வருவா, எங்களோட இருந்து சாப்பிடுவா. உங்களுக்கு விருப்பமில்லாட்டி நீங்கள் நூலகத்துக்குப் போங்கோ.”

இருபத்துமூன்று வருடத்தில் அவருடன் நான் அப்படிக் கதைத்ததில்லை. மறுநாள் அவர் நூலகத்துக்குப் போகவில்லை. கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் கணவாய்க் கறியும் புட்டும் சாப்பிட்டு, குடியானவர்களுக்கும் பிரபுக்களுக்கும் உள்ள வேறுபாடுகளை மாறிமாறிக் கேட்டுப் படித்தோம். கணவர் திரும்பி வந்தபோது அந்தப் பெண் இன்னும் மேசையில்தான் இருந்தார். “சுகமோ?” என்று கேட்டுவிட்டுக் கணவர் அறைக்குள் போனார். அன்றைக்கு அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

பரீட்சையில் முதலில் குத்தகை, வரி, திருச்சபை என்று பாடத்தை ஒப்புவித்தேன். பிறகு பரீட்சகர், “வாசலுக்கு வாசல் படைவீரர் நிற்கவில்லையே, இந்த ஒழுங்கு எப்படி நூற்றாண்டுக் கணக்கில் நின்றது?” என்று கேட்டார். புத்தகத்தில் பதில் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

“சிறுபிள்ளைகள் பழகிக்கொள்வதால்,” என்றேன். வாளியை எவ்வளவு உயரத்தில் பிடித்தேன் என்பதையும், யாரும் அடித்தோ மிரட்டியோ அதை எனக்குக் கற்பிக்கவில்லை என்பதையும் எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன். ஆறுக்கு நாலு புள்ளி கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு ஐந்து.

வெளியே பேருந்துக்காக நின்றபோது அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“என்ரை அம்மா போல ஆக்களின்ரை கதையைச் சொல்லியோ புள்ளி எடுத்தனீங்கள்?”

“இல்லை. ஊத்தின ஆளின்ரை கதையைத்தான் சொன்னனான். அது என்ரை கதை.”

இரண்டு பேருந்துகள் வந்து போயின. நாங்கள் ஏறவில்லை. கடைசியில் அவர், “அதை நீங்கள்தான் சொல்லவேணும்,” என்றார்.

வீட்டில் கணவருக்கும் சொன்னேன். “இதையெல்லாம் வெள்ளைக்காரருக்கு ஏன் சொன்னனி?” என்று கோபப்பட்டார்.

“கேட்டினம், சொன்னன். அடுத்தது கணிதப் பாடம். ஞாயிற்றுக்கிழமையும் அவ வாறா.”

அன்றைக்குச் சமைக்க நான் மீன் வாங்கப் புறப்பட்டேன்.