அவர் முடிந்து கொடுத்த சங்கிலி

எழுபதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணமான புதிதில் மதுரையில் நடந்தது இது. திருவாதவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வில்லாபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன். என் கணவருக்கு ஆங்கிலப் படமென்றால் உயிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு, டவுனில் இருந்த தியேட்டருக்கு என்னையும் அழைத்துப் போனார்.

கழுத்தில் அப்பா போட்டு அனுப்பிய ரெட்டை வடச் சங்கிலி. அது கவரிங் என்பது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். மழை ஏமாற்றிவிட்டதால் பேசியபடி அவரால் நகை போட முடியவில்லை. "அடுத்த வெள்ளாமையில மாத்திருவேன், வாயத் தொறந்துறாத தாயி" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாமியார் எப்போது அதைக் கையில் வாங்கிப் பார்ப்பாரோ என்று தினமும் செத்துப் பிழைத்தேன்.

படத்தின் கதாநாயகன் கோட்டும் சூட்டும் போட்ட நகைத் திருடன். பெரிய மனிதர்களோடு விருந்து சாப்பிடுவான். நகையைப் பார்த்த மாத்திரத்தில் அசலா போலியா என்று சொல்லிவிடுவான். கணவர் காதோரம் கதை சொல்லச் சொல்ல எனக்கு வேர்த்துக் கொட்டியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். திரையில் இருப்பவன் என் கழுத்தைப் பார்த்துவிடுவான் என்று நினைத்த புத்திசாலி நான்.

இடைவேளையில் விளக்கு எரிந்தபோது முந்தானை நழுவியிருந்தது. பின் வரிசையில் இருந்த ஒருவர் என் சங்கிலியைக் கவனிப்பது தெரிந்தது. ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. கண்டுபிடித்துவிட்டார் என்று பதறிப் போனேன். அவர் ஏதாவது சொல்வதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டுமென்று, "பின்னாடி இருக்கவரு எங் கழுத்தையே பாக்குறாரு" என்று கணவரிடம் சொல்லி வைத்தேன்.

படம் முடிந்து நெரிசலில் படியிறங்கினோம். கீழே வந்து கழுத்தைத் தொட்டால் சங்கிலி இல்லை. திரும்பிப் பார்த்தால், படியில் அதே மனிதர், கையில் என் சங்கிலி. கணவர் பாய்ந்து போய் அவர் சட்டையைப் பிடித்ததில் பட்டன் தெறித்தது. கீழே கிடந்ததை எடுத்துக் கொடுக்கத்தான் வந்தேன் என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த கூட்டம் அல்லவா, எல்லோருக்கும் அவர் திருடனாகவே தெரிந்தார்.

அவர் சங்கிலி அறுந்த இடத்தைப் பார்த்தார். அங்கே பித்தளை பல்லை இளித்திருக்கும். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கணவர் கை நீட்டியும் அவரிடம் கொடுக்காமல், தன் கைக்குட்டையில் வைத்துச் சுற்றி, இறுக்கி முடிந்து என்னிடம் நீட்டினார்.

"நான் நகை ஏவாரி தம்பி. அறுந்த நகையப் பொறந்த வீட்டுலதான் பத்த வைக்கணும். அதுவரைக்கும் இந்த முடிச்ச யாரும் அவுக்கப்படாது, குடும்பத்துக்கு ஆகாது. தாயி, ஒங்கப்பாகிட்டயே கொண்டுபோய்க் குடுத்துரு."

அப்படி ஒரு வழக்கம் நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் குடும்பத்துக்கு ஆகாது என்றதும் கணவர் கையை இழுத்துக்கொண்டார். "மாட்டிக்கிட்டதும் ஏவாரியாயிட்டாரு" என்று யாரோ சொல்லச் சிலர் சிரித்தார்கள். அவர் திறந்து கிடந்த சட்டையை ஒரு கையால் பிடித்தபடி, அந்தச் சிரிப்புக்கு நடுவே இறங்கிப் போனார்.

முடிச்சை அவிழ்க்காமலே அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அறுவடை முடிந்ததும் அப்பா சொன்னபடி தங்கத்தில் மாற்றிக் கொடுத்தார். புகுந்த வீட்டில் யாருக்கும் இன்றுவரை தெரியாது. அது கவரிங் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த மனிதர்மேல் விழுந்த பழி அந்தப் படியிலேயே துடைபட்டிருக்கும். கவரிங்கையா ஒரு நகை வியாபாரி திருடுவார்? என் மானத்துக்காக அவர் அந்த வார்த்தையை விழுங்கினார். நானும் அதே வார்த்தையைத்தான் விழுங்கினேன், அதுவும் என் மானத்துக்காகவே என்பது அந்தச் சங்கிலியை எடுத்துப் போடும்போதெல்லாம் என் கழுத்தை உறுத்துகிறது.